மேலே இருந்த பேர்

“மேல உள்ள பேரு போயிட்டா, கீழ உள்ள பேரு மட்டும் எப்படிங்க நிக்கும்?”

பெரம்பலூரில் திருச்சி பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் மடியிலிருந்த பழைய பாஸ்போர்ட்டைக் காட்டி இப்படிக் கேட்டாள்.

“சிலோன்லேருந்து மேல என் பேரு, கீழ உன் பேருன்னு ஒரே பாஸ்போர்ட்டுல வந்தோம். இப்ப கோர்ட்டுல பிரிச்சு விட்டுட்டாங்க. அதான் உனக்குத் தனியா பிரஜாவுரிமை விசாரணை. நான் வெறும் சாட்சி,” என்றார் அவள் பக்கத்திலிருந்தவர்.

“குடுக்கலன்னா?”

“நீ எந்த நாட்டுக்காரின்னே சொல்ல முடியாது. சரி, நாந்தான் ஆபீசர்னு வச்சுக்க. பொறந்த எடம்?”

“கண்டி பக்கம் தேயிலைத் தோட்டம்.”

“அப்பன் ஊரு?”

“வாலிகண்டபுரம்.”

“யாரோட கப்பல்ல வந்த?”

“உங்களோட.”

“ஆபீசர்கிட்டப் போயி உங்களோடன்னா? பேரைச் சொல்லு.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப நான் உன் புருஷன் இல்ல. சொன்னா ஒண்ணும் ஆயிடாது.”

“கோர்ட்டுலயே வக்கீல்தாங்க சொன்னாரு.”

“அங்க வக்கீல் வர மாட்டாரு.”

பஸ் கிளம்பியது. “நீங்க கொஞ்சம் பின்னால போய் உக்காருங்க. ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கறேன்,” என்றாள்.

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாடாலூர் தாண்டியும் முன் சீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. அவர் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

சமயபுரம் வந்ததும் அவள் திரும்பி, பாஸ்போர்ட்டை நீட்டி, மேலே இருந்த பேரில் விரலை வைத்தாள்.

“இவரோடதாங்க சார் வந்தேன்.”