இரண்டு வேன், ஒரு நம்பர்

டீ ஆறிவிடும், முதலில் குடித்துவிடுங்கள், ஷபானாம்மா. காலையிலிருந்து ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதி எழுதி விரல் சிவந்து கிடக்கிறது. நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாகவே எழுதுங்கள்.

மேசைமேல் இருக்கிற இரண்டு நம்பர் தகடும் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து எடுத்தவைதான். எழுத்து என் கை. நான்கு போடும்போது எனக்குக் கால் கொஞ்சம் நீண்டுவிடும்.

எங்கள் ஊர் செய்யூரிலிருந்து உள்ளே தள்ளி. ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றுபோனது. பிறகு என் வீட்டுக்காரர் கேசவன் ஓட்டுகிற வேன்தான் பிரசவத்துக்கும், பரீட்சைக்கும், வேர்க்கடலை மூட்டைக்கும். முன்பெல்லாம் வரி கட்டுவதும், வண்டி ஓடத் தகுதி என்கிற எஃப்.சி.க்கு வண்டி காட்டுவதும் பக்கத்து ஊர் முகாமிலேயே முடிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். வரி ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். வண்டி அங்கே போய் வரிசையில் நிற்கிற இரண்டு மூன்று நாளைத்தான் பொறுக்க முடியவில்லை. தொண்ணூற்று நாலில் அப்படி ஒரு நாளில்தான் எங்கள் தெருப் பூங்கொடிக்கு இடுப்புவலி கண்டது. மாட்டுவண்டியில் ஏற்றிப் போனார்கள். குழந்தை வழியிலேயே போய்விட்டது.

அவளுக்காகத்தான் இரண்டாவது வேன் வாங்கினோம். மறைமலைநகர் பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றி ஓய்ந்த வண்டி. காகிதம் எதுவும் கிடையாது. அதற்கும் இதே நம்பரை நான் எழுதினேன். ஒன்று செங்கல்பட்டில் நின்றால் இன்னொன்று ஊரில் ஓடும். என் தம்பி சீனு அதை ஓட்டினான். ஊருக்கே தெரியும். மூன்று வருஷம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்குக் கேசவனும் நானும் எஃப்.சி.க்காகச் செங்கல்பட்டு போயிருந்தோம். சீனு பூங்கொடியையும் இன்னும் மூன்று பேரையும் மதுராந்தகம் பக்கம் களையெடுக்க ஏற்றிப் போனான். நல்ல மழை. மத்தியானம் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து முத்திரை வைத்தார். கேசவன் சாப்பிடப் போனார். சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, உன் வண்டி ஏரிக்கரையிலேர்ந்து உருண்டுட்ச்சாம். ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துகீது. நீ இங்க நின்னுகினு கீற?"

வரிசையில் ஒருவர், "நீந்தியே வந்துட்ச்சு போல கீது அண்ணாத்த, ஈரம் காயல பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் போன யாரோ, தங்களை முந்திய வேனின் நம்பரைப் பார்த்திருக்கிறார். அது கரையில் சரிந்ததையும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். எந்த இடம் என்று சொல்லத் தெரியவில்லை. நீளமான கரை, தேடித்தான் பார்க்க வேண்டும்.

"என் வண்டி இதோ நிக்குது சார், ஒரு வண்டிதான் எனக்கு" என்றேன். அதில் பொய் என்று என்ன இருக்கிறது, காகிதத்தில் ஒரு வண்டிதான். அவர் அப்படியே போனில் சொன்னார். கயிற்றோடு தேடக் கிளம்பியவர்கள் திரும்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில், பொழுது சாய, ஏரிக்கரையில் இறங்கிக்கொண்டேன். மருந்து வாங்கி வருகிறேன் என்று கேசவனை ஊருக்கு அனுப்பிவிட்டேன். கருவேலம் புதர் முறிந்திருந்த இடத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வேன் பக்கவாட்டில் கிடந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான். உள்ளேயிருந்து பூங்கொடி கூப்பிட்டாள்.

"பார்வதக்கா, நீயா? சீனு அண்ணன் பேசவே இல்லக்கா. என் காலு மாட்டிகினு கீது. இவங்களுக்கும் எழுந்திருக்க முடியல."

"நான்தான்டி. இரு" என்றேன்.

காலையில் தகட்டை இறுக்கிய திருப்புளி பையிலேயே இருந்தது. முன்னால் நான்கு திருகு, பின்னால் நான்கு. துருப்பிடித்து, சுலபத்தில் கழலவில்லை. கதவைப் பெயர்க்கிறேன் என்று பூங்கொடி நினைத்திருக்கிறாள். "மெதுவாக்கா, கையக் கிழிச்சிக்காத" என்றாள். நல்ல மனசு அவளுக்கு.

"ஆளக் கூட்டினு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அப்போது அது நிஜம். தகட்டைக் கிணற்றில் போட்ட பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆள் வந்தால் போலீஸ் வரும், இரண்டு வேன் என்று தெரியும், இரண்டையும் பிடித்துக்கொள்வார்கள். ஊரில் ரோகிணிக்கு அடுத்த வாரம் பிரசவத்துக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் பூங்கொடி புருஷன் வந்து நின்றான். "சீனு கடைக்குப் போன் பண்ணான்பா. மழையாங்காட்டியும் அங்கியே தங்கிக்கிறாங்களாம்" என்றேன். நிம்மதியாகச் சாப்பிடப் போனான். தண்ணீர் ஏறும் என்று எனக்குத் தெரியும். மழை அப்படிப் பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் ஆடு மேய்க்கிறவர் பார்த்து, ஊரே ஓடியது. யார் வண்டி என்று நீங்கள் கேட்டபோது ஒருவரும் சொல்லவில்லை. பூங்கொடி புருஷனும் சொல்லவில்லை. இருக்கிற ஒரு வண்டியும் போய்விடும் என்கிற பயம். இரண்டு பேருக்கு விடியும்வரை உயிர் இருந்ததாக டாக்டர் எழுதியிருக்கிறாராம். அதில் பூங்கொடி உண்டா என்று நான் கேட்கவில்லை.

தம்பி செத்ததற்கு நான் அழவில்லை என்று ஊரில் பேசுகிறார்களாம். நேரம் எங்கே இருந்தது, அம்மா.

எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வாசலில் நிற்கிற வேனை மட்டும் பிடித்துவிடாதீர்கள். மார்ச் வரை வரி கட்டியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அது எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை.