சூடாகிற நேரம்

– கை வைக்காதீங்க ரஃபாயேல். இன்னும் சூடாகலை.

– சிவப்பு லைட்டு எரியுதே துர்கா.

– லைட்டு எரிஞ்சா ஆச்சா? சுருதி நிக்க வேணாமா? இந்த சிந்தசைசர் மிஷின் சூடாக அரை மணி நேரம் ஆகும்னு ஊருக்கெல்லாம் சொன்னவரே நீங்கதான். உக்காருங்க. இத்தனை வருஷம் கழிச்சு பிரான்சுலேருந்து வந்தவரு, அரை மணி நேரம் உக்கார மாட்டீங்களா?

– அலோர்... சரி, உக்கார்றேன். மிஷினை ஏத்திகிட்டுப் போக கீழ வேன்காரரு நிக்கிறாரு, அதான் பாத்தேன்.

– நிக்கட்டும். பாவாடை எங்க தெரு ஆளுதான். டீக்கடையில பேச ஆரம்பிச்சாருன்னா வேனு எங்க நிறுத்தினோம்னே மறந்துடுவாரு. இந்தாங்க, காப்பி. சர்க்கரை கொஞ்சமா போட்டிருக்கேன்.

– எனக்கு சுகர் இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது?

– வயித்தைப் பாத்தாலே தெரியுது.

– ம். இந்த மிஷினும் என் ஞாபகத்துல பெருசா இருந்தது. பீரோ மாதிரி. இப்போ பாத்தா இத்துணூண்டா இருக்கு.

– அப்போ நீங்க ஒல்லி. அதைத் தூக்கிகிட்டு மாடி ஏறும்போது மிஷின் உங்களைத் தூக்கிகிட்டுப் போற மாதிரி இருக்கும்.

– மரச்சட்டம் எல்லாம் பளபளன்னு இருக்கே. யாரு தொடைக்கிறது?

– எங்க வீட்டுக்காரரு. ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டரைத் தொடைச்சிட்டு அதே துணியோட இதுகிட்ட வந்தாரு. திட்டுன திட்டுல, இதுக்குன்னு தனித் துணி வெச்சிருக்காரு இப்போ. அந்தத் திருகுற நாப்பு மேல மட்டும் கை படக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதைத் திருகிட்டா பழைய இடத்துல கொண்டாந்து நிறுத்த முடியாதே.

– அவரு எங்க?

– கமலக்கண்ணனா? ஆபீசு. நீங்க வர்றது தெரியும். பிரெஞ்சுக்காரருக்குக் காப்பி நல்லா போட்டுக் குடுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோல், கயிறு எல்லாம் அவரு வாங்கிப் போட்டதுதான்.

– நல்ல மனுஷர்.

– ரொம்ப நல்ல மனுஷர்.

– நான் எண்பதுல கிளம்பும்போது மிஷினை நம்ம கச்சேரி ட்ரூப்பை நடத்துன சக்கரபாணி அண்ணன்கிட்டதானே விட்டுட்டுப் போனேன்? அவரு இதை வித்திருப்பாருன்னு நெனைச்சேன்.

– அவருக்கு அப்புறம் ட்ரூப்பைக் கலைச்சிட்டாங்க. ட்ரம்ஸை ஒருத்தர் எடுத்துகிட்டாரு, மைக்கை ஒருத்தர். இதை யாருக்கும் வாசிக்கத் தெரியலை, மூலையில கெடந்தது. பாடுறவளுக்கு இது எதுக்குன்னு எல்லாரும் சிரிச்சாங்க. ரிக்‌ஷாவுல வெச்சு எடுத்தாந்துட்டேன்.

– எதுக்குத்தான்?

– சுருதிப்பெட்டி. சிரிக்காதீங்க. லாஸ்பேட்டைல பாதிப் பிள்ளைங்க எங்கிட்டதான் பாட்டு கத்துக்குது. ஸா, பா ரெண்டையும் அமுக்கி மேல ஒரு வெயிட்டு வெச்சிட்டேன்னா ரீங்னு நிக்கும். மழை வர்ற அன்னிக்கு மட்டும் மெதுவா எறங்கும். பிள்ளைங்களும் கூடவே எறங்கும்.

– கடவுளே. இந்தா, இந்தப் பார்சல் உனக்குத்தான். அது சூடாகுற வரைக்கும் பிரிச்சுப் பாரு.

– என்னா இது, கீபோர்டா? கையில வெயிட்டே தெரியலை. உள்ள ஏதாச்சும் இருக்கா?

– டிஜிட்டல். உள்ள ஆயிரம் சவுண்டு இருக்கு. புல்லாங்குழல், வயலின், சர்ச் ஆர்கன், மழை சத்தம்கூட. சுவிட்சைப் போட்ட அடுத்த வினாடி ரெடி. இன்னிக்கு வெச்ச சவுண்டு அடுத்த வருஷமும் அப்படியே வரும், எல்லாம் மெமரியில இருக்கு. மழையடிச்சாலும் வெயிலடிச்சாலும் சுருதி இம்மி நகராது. உன் பிள்ளைங்களுக்கு இதுதான் சரி.

– அப்போ இந்தப் பழசை எதுக்குக் கடல் தாண்டி எடுத்துகிட்டுப் போறீங்க?

– என் பொண்ணு க்ளோயேவுக்கு. அவளும் பாட்டு போடுறா, எல்லாம் கம்ப்யூட்டர்லயே. அங்க பசங்களுக்கு இப்போ பழைய அனலாக் மிஷின் மேல பைத்தியம். ஒருநாள் கேட்டா, பப்பா, சின்ன வயசுல உங்கிட்ட ஒண்ணு இருந்ததாமே, எங்கேன்னு.

– என்னா சொன்னீங்க?

– பாண்டிச்சேரில பத்திரமா இருக்குன்னு சொன்னேன்.

– நீங்க விசாரிச்சுக்கூடப் பாக்கலை, பத்திரமா இருக்குன்னு எப்படித் தெரியும்?

– தெரியாது. சொன்னேன்.

– என்னமோ போங்க.

– இரு, இதைக் கேளு. உன் பாட்டுக்கு நடுவுல நான் ஒரு பிட்டு வாசிப்பேனே, அந்த சவுண்டு. இதுல அதை மறுபடி உண்டாக்கியிருக்கேன். ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்தேன். மரி-க்ளேர் வேலைக்குப் போனதும் ஹெட்போனை மாட்டிக்குவேன். இன்கம்டாக்ஸ் கணக்கு பாக்குறேன்னு நெனைச்சுகிட்டிருந்தா.

– பொண்டாட்டிகிட்டயே பொய்யா? வாசிங்க.

– இதோ.

– ம்.

– எப்படி இருக்கு?

– சரியா இருக்கு.

– அவ்ளோதானா?

– ரொம்ப சரியா இருக்கு ரஃபாயேல். அதான் என்னமோ மாதிரி இருக்குது. நம்ம மிஷின்ல ரெண்டு குரல் கேக்கும். ஒண்ணுக்கொண்ணு ஒரு நூலு தள்ளி நிக்கும். தோ இப்போ சேந்துடும், இப்போ சேந்துடும்னு இருக்கும். சேராது. அதனாலேயே கேட்டுகிட்டே இருக்கலாம் போலத் தோணும்.

– அது ரெண்டு ஆசிலேட்டர், சத்தம் பொறக்குற இடம். ஒண்ணு கொஞ்சம் விலகி இருக்கும். அந்த ஆட்டத்தை இதுலயும் வெச்சிருக்கேன், நல்லாக் கேளு.

– கேக்குது. ஆனா எத்தனை தடவை வாசிச்சாலும் ஒரே மாதிரி ஆடுது. நம்மளுது ஒருநாள் ஆடுன மாதிரி மறுநாள் ஆடாது.

– அதைத்தான் அப்போ திட்டுவோம்.

– ஆமாம். வைத்திக்குப்பத்துல அந்தக் கல்யாணம் ஞாபகம் இருக்கா? படகுக்குப் பக்கத்துலயே மேடை. கடக்காத்து அடிக்குது, பல்லவியில ஒரு சுருதி, சரணத்துல ஒரு சுருதி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எனக்குப் பாடத் தெரியலைன்னு நெனைச்சிருப்பாங்க.

– வலதுகை வாசிக்கும், இடதுகை நாப்பை விட்டு எடுக்க முடியாது. சுருதி எறங்கினா உன் புருவம் லேசா சுருங்கும். உடனே திருத்திடுவேன். உன் மூஞ்சிதான் எனக்கு மீட்டரு.

– அதுக்குத்தான் பாட்டு முழுக்க என் மூஞ்சியையே பாத்துகிட்டிருந்தீங்களா?

– அதுக்கும்தான்.

– காப்பி ஆறுது.

– துர்கா, மிஷினை அனுப்பி வைக்க ஒரு கம்பெனி போதும். நான் வர வேண்டியதே இல்லை. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். கோவிச்சுக்கக் கூடாது.

– கேட்டதுக்கப்புறம்தானே கோவிச்சுக்கறதா வேணாமான்னு தெரியும்.

– எங்க அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷனோட வந்தவரு. வீட்டுல பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கு, பையனும் இருக்கான்னா, வாசல்ல வந்து நிக்கிற பொண்ணெல்லாம் பாஸ்போர்ட்டுக்குத்தான் வருதுன்னு அவருக்கு நெனைப்பு. உன்னையும் அப்படித்தான் சொன்னாரு. அந்தப் பொண்ணு உன்னைப் பாக்கலைடா, உன் பேப்பரைப் பாக்குதுன்னாரு.

– அவரை மட்டும் ஏன் சொல்றீங்க? எங்க தெருவுலயும் அதே பேச்சுதான். உங்க பொண்ணுக்கு எப்போ ஏரோப்ளேன்னு எங்க அம்மாகிட்டயே கேட்டாங்க.

– நீ என்ன சொன்னே?

– என்னாத்தைச் சொல்றது? ஆமான்னாலும் பேச்சு, இல்லைன்னாலும் பேச்சு. வாயை மூடிகிட்டுப் பாடப் போயிட்டேன்.

– நானும் மூடிகிட்டேன். நீ ட்ரூப்புல எல்லாருக்கும் முன்னாடி வருவே. மண்டபத்துல பாய்கூட விரிச்சிருக்க மாட்டாங்க. மிஷினைப் போட்டுட்டு நான் உக்காந்திருப்பேன், நீ எதிர்ல உக்காந்திருப்பே. அந்த அரை மணிக்காகத்தான் நான் எல்லாக் கல்யாணத்துக்கும் ஒத்துக்குவேன். இன்னிக்குக் கேட்டுடணும்னு ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன். ஆமாம்னு சொல்லிட்டீன்னா, அது எந்த ஆமாம்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பயத்துலயே ஏரோப்ளேன் ஏறிட்டேன்.

– அங்க போயி இத்தனை வருஷமும் அதையேதான் நெனைச்சுகிட்டிருந்தீங்களா?

– எப்பவும் இல்லை. மழை பெஞ்சா நெனைப்பேன். அங்க எப்பவும் மழைதான். இப்போ சொல்லு. நீ சீக்கிரம் வந்தது எனக்காகவா, பேப்பருக்காகவா?

– சக்கரபாணி அண்ணன்தான் சொன்னாரு. மிஷின் சூடாகுற வரைக்கும் பாடுறவங்க கூட இருந்து சுருதி சேக்கணும்னு. வரச் சொன்னாரு, வந்தேன்.

– டூட்டி.

– அவருகிட்ட அப்படிச் சொன்னது யாரு?

– நான்தான். மிஷினுக்கு அது தேவைதானே.

– ஆமாமா. தேவைதான்.

– சார், ஏத்திடலாமா? இப்போ கெளம்பினாத்தான் மெட்ராஸ் டிராபிக்குல மாட்டாம போவலாம். அக்கா, நீயாச்சும் சொல்லுக்கா.

– பாவாடை, இன்னும் சூடாகலை. கொஞ்சம் பொறு.

– பெட்டியில வெச்சுக் கட்டப்போற சாமானை எதுக்குக்கா சூடு பண்றது?

– போயி இன்னொரு டீ குடி. எங்க கணக்குல சொல்லிக்கோ. போ.

– சரியான கேள்விதான் கேட்டுட்டுப் போறாரு.

– அவரு கெடக்காரு. வாசிங்க இப்போ. ஆயிடுச்சு.

– பயமா இருக்கு. ஸா குடு.

– ஸா...

– நிக்குது. எறங்கலை. துர்கா, அப்படியே நிக்குது. உன் குரலு கொஞ்சம் கட்டையாயிடுச்சு.

– குரலுக்கும் வயசாவாதா? நாப்பை நான் தொடலை. அந்தப் பிட்டுக்கு நீங்க வெச்சது வெச்சபடி இருக்கு. வாசிங்க.

– கேக்குதா?

– கேக்குது.

– ரெண்டு குரலும்.

– ரெண்டும்தான். இந்த டிஜிட்டலுக்கு உங்களைக் குத்தம் சொல்லலை. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இதைக் கேட்டதும் பாய் விரிக்காத அந்த மண்டபத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. அதைக் கேட்டப்போ அப்படி இல்லை. அவ்ளோதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

– எனக்கும்தான். இது இங்கயே இருக்கட்டும் துர்கா. க்ளோயேகிட்ட ஏதாச்சும் சொல்லிக்கிறேன். கடல் ஏத்தி எறக்கி, உடைஞ்சு கிடைஞ்சு...

– வேணாம். எடுத்துகிட்டுப் போங்க.

– உனக்கு இது வேணாமா?

– வேணும். அதான் எடுத்துகிட்டுப் போங்கன்னு சொல்றேன். பிள்ளைங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இதைப் போட்டுட்டு எதிர்ல உக்காந்துடுறேன். எங்க வீட்டுக்காரரு நல்ல மனுஷர். ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. அந்த நேரத்துல மட்டும் நியூஸ் பேப்பரை எடுத்துகிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவாரு. அவரு பெட்டியும் கயிறும் தேடி வாங்கியாந்தப்போதான் எனக்குப் புரிஞ்சுது. போதும் ரஃபாயேல். பிள்ளைங்களுக்கு இந்தப் புதுசுலயே சொல்லிக்குடுக்கிறேன். போட்ட உடனே பாடலாம்.

– சரி. பிளக்கைப் புடுங்கவா?

– நானே புடுங்குறேன். நீங்க பெட்டியைப் புடிங்க. ஓரமா தெர்மாகோல் வையுங்க. கயிறை இன்னும் இழுத்துக் கட்டுங்க.

– சார், வரலாமா இப்போ?

– வாப்பா பாவாடை. ரெண்டு பேரா தூக்கலாம். மெதுவா. துர்கா, நான் வரேன். நான் கேட்டதுக்கு நீ ஒண்ணும் சொல்லலை. பரவாயில்லை. கேட்டுட்டேன், அதுவே போதும்.

– உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. இது சூடாக அரை மணியெல்லாம் வேணாம், ஒரு டீ ஆறுறதுக்குள்ள சுருதி நின்னுடும். உங்களுக்குக் காய்ச்சல் வந்து கடலூர் கல்யாணத்துக்கு வராத அன்னிக்கு சக்கரபாணி அண்ணனே மிஷினைப் போட்டாரு, பக்கத்துல நின்னு பாத்தேன். நான் ட்ரூப்புல சேந்த புதுசு அப்போ, அன்னிலேருந்தே எனக்குத் தெரியும். நீங்க கிளம்புறதுக்கு முன்னாடியே உங்களுக்குப் பொண்ணு மரி-க்ளேர்னு முடிவானதுக்கப்புறம் எனக்கு எந்தப் பாஸ்போர்ட்டு கெடைக்கப் போவுது? அதுக்கு அடுத்த கச்சேரிக்கும் பாய் விரிக்கிறதுக்கு முன்னாடி வந்து உக்காந்தது நான்தானே ரஃபாயேல்.