தலைவரும் தயிர்ச் சட்டியும்

சரீப்: "...ஆகவே, பெருமதிப்பிற்குரிய சபையோரே, தீவிரவாதம் என்னும் கொடும்புயலை எதிர்கொள்ள, சிவில் சமூக அமைப்புகளின் தாங்குதிறனை அடிமட்டத்திலிருந்து..." என்னகா சிரிக்கிற?

றபீக்கா: சிரிக்கல்ல. அடிமட்டம் எண்டா ஆரு?

சரீப்: மக்கள்.

றபீக்கா: அப்ப நாங்கதான். வாசிங்க. தயிரையும் தின்டுக்கிட்டு வாசிங்க, சீனி போட்டிரிக்கன்.

சரீப்: நல்ல கட்டித் தயிர். எங்க வாங்கின?

றபீக்கா: வாசிங்க எண்டன். நாளைக்குக் கொழும்பு ஆக்களுக்கு முன்னால மன்றத் தலைவர் தடுமாறினா எனக்குத்தான் வெக்கம்.

சரீப்: "கடந்த வாரம், முஸ்லிம்களுக்கு விற்கும் அயல் தமிழூர்க் காரைதீவுத் தயிரில் நச்சு மருந்து கலக்கப்படுவதாக ஒரு குரல்பதிவு உலவியது. எமது தாங்குதிறன் மன்றம் உடனடியாகக் களத்தில் இறங்கி..."

றபீக்கா: நில்லுங்க. எந்தக் களத்துல?

சரீப்: அறிக்கை விட்டமே.

றபீக்கா: எப்ப?

சரீப்: வெள்ளிக்கிழமை... ஜும்ஆவுக்குப் புறகு.

றபீக்கா: பதிவு வந்தது செவ்வாய். புதன்கிழமை தயிர்க்காரக் குணம் நம்மட சாய்ந்தமருது முழுக்க ஹோன் அடிச்சித் திரிஞ்சார். ஒரு கதவு தொறக்கல்ல. சட்டியெல்லாம் அப்படியே காரைதீவுக்குத் திரும்பிப் போச்சி. உங்கட மன்றத்துட உபதலைவர் அவர்.

சரீப்: தெரியும்... பாவம்.

றபீக்கா: வியாழக்கிழமை சபியா உம்மாட வீட்ட எங்கட பொம்புளைகள்ட சீட்டுக் கூட்டம். குணத்த நான்தான் வரச் சொன்ன. எல்லாரும் முன்விறாந்தையில இரிந்து தெரு பாக்கத் தயிர் தின்டம். புள்ளைகளுக்கும் ஊட்டினம். நம்மட பேத்தி றுமைஸா ரெண்டு கோப்ப. மறுகா ஹோன் சத்தம் கேட்டாக் கதவு தானாத் தொறந்திச்சி.

சரீப்: இத எனக்குச் சொல்லல்லயே.

றபீக்கா: எங்கட சீட்டுக்குப் பதிவிலக்கம் இல்ல. உங்கட பேச்சில எங்க போடுற?

சரீப்: போடலாம். "மகளிர் குழுக்களின் மேலான ஒத்துழைப்புடன்..."

றபீக்கா: மேலான... சரி. அடுத்த பக்கம்.

சரீப்: அடுத்தது நன்றியுரைதான்.

றபீக்கா: முந்தநாள் வாசிச்சீங்களே. "இவ்விஷமப் பதிவை நம்மூரில் பரப்பியவர் எவராயினும்..."

சரீப்: அந்தப் பக்கத்த எடுத்திட்டன்.

றபீக்கா: ஏன்? நல்ல முழக்கமா இரிந்திச்சி.

சரீப்: நீளம்...

றபீக்கா: என்ன, தயிர் இறங்கல்லயா?

சரீப்: இஞ்ச பாருகா... செவ்வாய் சுபஹுத் தொழுகைக்கு எழும்பின கையோட அந்தப் பதிவக் கேட்டன். பேரப்புள்ளைகள்தான் கண்ணுக்குள்ள வந்தாங்க. ஒரு நிமிசம் நம்பிட்டன்.

றபீக்கா: நம்பினது மட்டுமா?

சரீப்: ...மன்றத்துட வட்சப் குரூப்பில போட்டன். 'அவதானம்' எண்டு எழுதி.

றபீக்கா: தாங்குதிறன் குரூப்பில.

சரீப்: ஓம். கொஞ்சத்துல அழிச்சன். அதுக்குள்ள செயலாளர் ஊருக்கெல்லாம் அனுப்பிட்டார், 'தலைவரே சொல்லிட்டார்' எண்டு.

றபீக்கா: வலையமைப்பு நல்லாத்தான் வேல செய்யிது.

சரீப்: கேலி பண்ணாத புள்ள. குணமும் அந்தக் குரூப்பில இரிக்கிறது எனக்கு அந்த நேரம் ஞாபகமே வரல்ல. அவர் பாக்க முதல் அழிச்சது அல்லாஹ்ட காவல். நாளைக்கு முன்வரிசையில இரிப்பார். இத்தின வருசப் பழக்கம்... தெரிஞ்சா மறுகா இந்த வாசலுக்கு வருவாரா?

றபீக்கா: வந்தாரே, இண்டைக்கு விடிய. மாடு கறக்க எழும்புற மனிசன், நீங்க அழிக்க முதலே கேட்டுட்டார். 'சரீப் காக்காட்டக் கேக்காத தங்கச்சி, பயத்துல செஞ்சிரிப்பார், இதத் தின்னக் குடு' எண்டு சொல்லித்தான் இந்தச் சட்டியத் தந்துட்டுப் போன. வழிச்சித் தின்டுட்டு, சட்டிய நாளைக்கு நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. வெறுஞ்சட்டி திருப்பிக் குடுக்கிற வழக்கம் நமக்கில்ல... எடுத்த பக்கத்தத் தேடுங்க, 'எவராயினும்' எண்ட இடத்துல உங்கட பேரப் போட.