பலகையை விட்டு அசையாத கேக்

நாகர்கோவிலில் இருந்து கருங்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவரின் மடியில் ஒரு வட்டப் பலகை, அதன்மேல் வீட்டில் செய்த கேக். பலகையின் விளிம்பைச் சுற்றிச் சீனியில் செய்த நெற்கதிர்கள். கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விற்கும் ஏலத்துக்குப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“ஏட்டி, ஏலம் விளிக்கியவருகிட்ட கேக்கைத் தூக்காண்டாம்னு சொல்லிருவோம். மேசையிலயே இருக்கட்டு,” என்றார் மூத்தவர்.

“எதுக்கு மைனி? தூக்கினாத்தானே பின்னால இருக்கியவங்களுக்குத் தெரியும்?”

“போன வருசம் தூக்கித்தானே வழுக்கி விழுந்துச்சு? சபையே பாத்துட்டு இருந்துச்சு.”

“அன்னிக்குப் பலகையில கல்யாணப் பட்டுல மிஞ்சின துண்டையாக்கும் ஒட்டினேன். பட்டு வெண்ணெயைக் குடிச்சு வழுவழுன்னு ஆயிட்டுது. இப்பம் துணியே கிடையாது. சீனி மாவைப் பிசைஞ்சு பரத்தி ஒட்டி, நல்லா காய்ஞ்சு உணங்கவிட்டு, அதுக்க மேல ஐசிங் தடவி கேக்கை உறப்பிச்சிருக்கேன்.”

“இன்னொருக்கா விழுந்தா ஒருத்தரும் ஆர்டர் தரமாட்டாவ. கடை போடுகிய நினைப்பையே விட்டிர வேண்டியதுதான்.”

இளையவர் பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, பின்னால் இருப்பவர்கள் பார்க்கும்படி சரித்தார். பேருந்து ஒரு குழியில் இறங்கி ஏறியது. மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். நின்றவர்கள் தள்ளாடினார்கள். கேக் அசையவில்லை.

“எந்தக் கடையிலம்மா வாங்கினது?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மூத்தவர் முந்திக்கொண்டார்.

“கடையில இல்ல. எனக்க தம்பிக்க பெஞ்சாதி செய்ததாக்கும். சரிச்சாலும் விழாது.”