கழுதையின் இடது காது

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டீர்கள். பட்டறையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘அரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தாறு. வெண்கல வார்ப்புப் பட்டறைக்குப் பின்சந்தில் மாடிப் போர்ஷனில் மனைவியோடு குடியிருக்கிறேன். வார்த்தெடுத்த சிலைகளில் உள்ள குழியை அடைத்து, பிசிறை அராவி, வழவழப்பாக்கிக் கொடுப்பது என் வேலை. என் கை பட்ட சிலையில் ஒரு ஊசித்துளை காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லித் திரிந்தவன் நான். அந்தத் திமிரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் கால்மேல் கால் போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற வெண்கலக் கழுதையை எல்லாருக்கும் தெரியும். பேப்பரைத் தின்னாமல் படிக்கிறதே என்று சிரிக்காதவர் கிடையாது. அதைச் செய்தது சிற்பி அம்மா. அவர் தன் வீட்டு முன்னறையில் களிமண்ணில் செய்து முடித்த பிறகு, எங்கள் ஆட்கள் போய் அச்சு எடுத்து வந்தார்கள். நான் போகவில்லை. அதன் பிறகு பதினெட்டாம் நாள் சிற்பி அம்மாவின் ஆறு வயது மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். பட்டறையே திரண்டு போனது. நான் அன்றைக்கும் போகவில்லை. வேலை கிடக்கிறது என்று சொன்னேன். உண்மையில் அந்த அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அதன் பிறகு கழுதை வார்ப்பாகி என்னிடம் வந்தது. இடது காதின் நுனிக்குச் சற்றுக் கீழே, மேல்பக்கம் நடுவில் ஓர் இடம் விட்டு நாலு பள்ளம், அடிப்பக்கம் மூன்று பள்ளம், வளைவாக இருந்தன. வார்ப்பில் விழும் குழி கண்ட இடத்தில் விழும், வரிசை கட்டி நிற்காது. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். சிற்பி அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். துக்கம் கேட்காதவன் காதைப் பற்றி எந்த வாயால் கேட்பது என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். மறுநாள் முதலாளி, "என்னப்பா, கழுதையோட குடும்பம் நடத்துறியா? வண்டி வந்துடுச்சு" என்றார். அதன் பிறகு ஏழு பள்ளத்தையும் வெல்டிங்கில் அடைத்து, அராவி, நிறம் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

திறப்பு அன்று சிற்பி அம்மா நேராக இடது காதுக்குப் போனார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்துத் தடவினார். திரும்பவும் தடவினார். அதன் பிறகு வலது காதையும் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "அண்ணே, இந்தக் காதுல ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார். நான், "ஒரு குறை விடலம்மா, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்" என்றேன். அவர், "நல்லா பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கழுதை பக்கத்தில் உட்கார்ந்தார். போட்டோ எடுக்க வந்தவர்கள் சிரிக்கச் சொன்னபோது சிரித்தார்.

அதன் பிறகு இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்காரர் பட்டறைக்கு வந்து அச்சு இருக்கிறதா என்று கேட்டார். வேலை முடிந்ததும் உடைத்துவிடுவோம் என்று முதலாளி சொன்னார். அவர் என் மேசைப் பக்கம் வந்து நின்று, மண் ஈரமாக இருந்தபோது மகள் கழுதையின் மடியில் ஏறிக் காதை நறுக்கென்று கடித்துவிட்டாள் என்றும், ஏண்டி கடித்தாய் என்று அதட்டியதற்கு, "எத்தன வாட்டி கூப்பிட்டாலும் பேப்பரையே பாக்குது" என்றாள் என்றும், அவள் அம்மா சிரித்துவிட்டு அந்தப் பல் தடத்தை அழிக்காமல் விட்டுவிட்டார் என்றும் சொன்னார். "இப்ப அவ ஒண்ணும் செய்யறதில்லண்ணே, களிமண் மூட்டை பிரிக்காமலே காயுது" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அய்யோ, அந்தக் குழந்தையின் பல்லை நானே அராவிப் போட்டேனே.

நீளமான காதுகளுக்குத் தனி அச்சு உண்டு. அதன் பிறகு மூன்று நாள் பட்டறையைக் குடைந்ததில், டிரில்லிங் மெஷின் ஆடாமலிருக்க யாரோ அடியில் செருகியிருந்த ரப்பர் துண்டுதான் இடது காதின் அச்சு என்று தெரிந்தது. கழுவிப் பார்த்தேன். அச்சில் பள்ளம் மேடாக இருக்கும். ஏழு பல்லும் முளைத்து நின்றன. விழுந்த முன்பல்லின் சந்துகூட இருந்தது. அதில் மெழுகு ஊற்றி எடுத்து, புதுக் காது வார்த்தேன். அரம் தொடவில்லை.

அதன் பிறகு காதை மாற்ற அனுமதி கேட்டு நகராட்சி அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். சிலையை ஒப்படைத்தாகிவிட்டது, இனி கமிட்டி கூடித்தான் தொடலாம் என்றார்கள். மூன்றாம் முறை ஒருவர், "ஏன், கழுதைக்குக் காது கேக்கலையா?" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு நேற்றுக் காலை பதினோரு மணிக்கு பேட்டரி கிரைண்டரும் புதுக் காதும் போல்ட்டும் எடுத்துப் போய், பழைய காதை அடியோடு அறுத்தேன். "கழுதை காத அறுக்கறான்டா!" என்று கூட்டம் கூடிவிட்டது. கண்டக்டர் ஒருவர் சட்டையைப் பிடித்தார். புதுக் காதை மாட்ட ஐந்து நிமிடம் கேட்டேன், கொடுக்கவில்லை.

புகார் கொடுத்தது சிற்பி அம்மா என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவர் செய்தது சரி. நான் எதற்கு அறுத்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதலிலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். புத்தி கெட்டவன், இந்தத் தடவையும் அவரைக் கேட்காமலே செய்தேன்.

அறுத்ததை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கைப்பற்றிய இரண்டு காதில், கறுத்து, சொரசொரவென்று அசிங்கமாக இருப்பதுதான் புதுசு. காலையில் உங்கள் காவலர் ஒருவர் அதைத் துணியால் தேய்க்கப் போனார், நான் கத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும். அதை யாரும் சுத்தம் செய்ய வேண்டாம். கோர்ட்டுக்கு அனுப்புவதற்கு முன் சிற்பி அம்மாவை வரவழைத்து, ஒரு தடவை அதை அவர் கையில் கொடுங்கள். அப்போது நானும் அந்த அறையில் இருக்க வேண்டும். நான் இன்னும் அவரிடம் துக்கம் கேட்கவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ‘சேதப்படுத்தும் நோக்கத்தோடு’ என்றிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தீர்கள். மீதி அத்தனையும் நான் சொன்னது, நடந்தது.

(கையெழுத்து)