கத்தரியைக் கொடுத்தவன்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தையல் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோரே, அளவெடுத்தே கண் மங்கிய அன்னையரே, ஊசி பிடித்த விரல்களால் ஊருக்கெல்லாம் உடை தந்த உழைப்பாளித் தோழர்களே, வணக்கம்.

ஆண்டுவிழா மேடையில் அரிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான்.

நான் தைக்கும் கூடத்திலேயே என் தம்பி துணி வெட்டுபவன். மூன்றாண்டுகளாக உடம்பெல்லாம் அரிப்பு. களிம்பு தடவினான், மாத்திரை விழுங்கினான், அடங்கவில்லை. உறக்கம் போயிற்று, பசி போயிற்று, பேச்சும் போயிற்று. வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டு விழுந்ததென்று மேற்பார்வையாளர் அவனை மூலை மேசைக்கு மாற்றினார். கூட உட்கார்ந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன்? “சொறியாதேடா, பாக்கவே அசிங்கமா இருக்கு” என்றேன். உடன்பிறந்தவள் சொல்லும் சொல்லா அது?

ஒரு திங்கட்கிழமை அவன் சொறிவதை நிறுத்தினான். கைகள் மடியில் சும்மா கிடந்தன. “குணமாயிடுச்சு போல” என்று அம்மா பூரித்துப் போனாள். நானும் நம்பினேன்.

புதன்கிழமை மதியம் பக்கத்து மேசைக்காரர் என் மெஷினருகே வந்தார். “உன் தம்பிக்குத் தங்கமான மனசும்மா. அவன் கத்தரியையே எனக்குக் குடுத்துட்டு, பாதி நாளோட வீட்டுக்குப் போயிட்டான்” என்றார்.

தோழர்களே, கைக்குப் பழகிய கத்தரியை நாம் கொடுப்போமா? கட்டிய கணவர் கேட்டாலும் கொடுப்போமா? மாட்டோம் என்கிறார் முன்வரிசை ஐயா. மாட்டோம் ஐயா. நாளைக்கு வேலையே இல்லை என்று முடிவு செய்தவன்தானே கொடுப்பான்?

வீட்டுக்கு ஓடினேன். அவன் அறைக்கதவு தாழிட்டிருந்தது. தட்டினேன். மறுபடி தட்டினேன். “டேய், அக்காடா” என்றேன். நெடுநேரம் கழித்துத் திறந்தான். சுற்றி வளைக்காமல் கேட்டேன், “செத்துடலாம்னு நெனைக்கிறியா?”

“ஆமாக்கா. இனிமே முடியல.”

அவன் கையைப் பிடித்தேன், விடவில்லை. அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். தோல் மருத்துவர் மனநல மருத்துவரையும் உடன் அழைத்தார். “ஓயாத அரிப்பு மனசைத் தின்னும்மா. வாடின மனசு அரிப்பை ஏத்தும். ரெண்டுக்கும் சேத்துத்தான் வைத்தியம்” என்றார். வைத்தியம் நடக்கிறது. கத்தரியும் அவன் மேசைக்குத் திரும்பிவிட்டது.

அச்சம் தீர்ந்ததா? தீரவில்லை. இன்றும் அவன் கை சும்மா இருந்தால் மெஷினை நிறுத்திவிட்டு அவன் மேசைக்குப் போய்விடுகிறேன். ஆகவே அவையோரே, சொறிகிறவரை ஏளனம் செய்யாதீர்கள், அதட்டாதீர்கள், அருகில் போய் மனசு எப்படி இருக்கிறதென்று கேளுங்கள். மூன்றாண்டு அதைக் கேட்காமலேயே நான் அவனை இழக்கப் பார்த்தேன்.

கடைசி வரிசையில்தான் இருக்கிறான். திரும்பாதீர்கள், கூச்சப்படுவான். அவனுக்கு இருபுறமும் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் இறங்கிப் போய் ஒன்றில் உட்காருகிறேன். இன்னொன்று உங்களுக்கு.

செவிமடுத்த நெஞ்சங்களுக்கு நன்றி, வணக்கம்.