இரண்டு காலுக்கும் ஒரே அளவு

கம்ப்ரெஷன் சாக்ஸ் வாங்குகிறவர்கள் பாதத்தை அளந்து வாங்கி ஏமாறுகிறார்கள். அளக்க வேண்டியது கெண்டைக்காலை. அதுவும் காலையில் எழுந்த கையோடு, சதை பருத்திருக்கும் இடத்தில் நாடாவைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓட்டக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நீங்கள் என் நோட்டைக் காட்டிக் கேட்பதால் உங்களுக்கும் சொல்கிறேன், ஐயா. தொல்குனின் பெயருக்கு நேராக, இரண்டு காலுக்கும் முப்பத்து நாலரை சென்டிமீட்டர் என்று எழுதியது நான்தான்.

எங்கள் ஊர் கராகோலில் பதினொரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். மற்ற நேரத்தில் பயிற்சியாளர் ஜோல்தோஷிடம் ஓடப் பழகும் பிள்ளைகளுக்குக் கால் பிடித்துவிடுவதும் சாக்ஸ் அளப்பதும் நான்தான். அதற்கு முன் நானும் ஓடினேன். ஏரி மாரத்தான் முடிகிற இடத்தில் ஒரு பலகை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அசில்கான், இரண்டு மணி நேரம் நாற்பத்தொரு நிமிடம். பதினான்கு வருடமாக என் பெயர்தான். அதில் ஒரு பெயருக்குத்தான் இடம். இன்னொருத்தி முந்தினால் பழையதன் மேல் பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

தொல்குன் என் சித்தப்பா மகள். அவள் முதல் அடி எடுத்து வைத்தபோது எங்கள் முற்றத்தில்தான் கயிறு அறுக்கும் விருந்து நடந்தது. கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் அவள் கணுக்கால்களைக் கட்டி நிறுத்தினார்கள். நாங்கள் பாப்லார் மரங்களிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தோம். முதலில் வருகிறவர்தான் நூலை அறுக்க வேண்டும், அவருடைய ஓட்டம் குழந்தைக்கு வரும். எனக்குப் பதின்மூன்று வயது. நான்தான் முதலில் வந்தேன், நான்தான் அறுத்தேன். "உன் கால்தான்டி இவளுக்கு வந்திருக்கு" என்று சித்தி வாய் ஓயாமல் சொல்வாள். தொல்குன் வெளிநாட்டில் ஜெயிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏரிப் பந்தயத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது இஸ்தான்புல்லிலிருந்து திரும்பினாள். ஐந்து மணி நேரம் விமானம், அப்புறம் ஏழு மணி நேரம் வேன். மறுநாள் காலை எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்து, ஆப்ரிகாட் ஜாமில் போர்சோக் பணியாரத்தைத் தோய்த்துத் தின்றுகொண்டே காலை நீட்டினாள்.

"அக்கா, இடது கால் ஏதோ பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. கொஞ்சம் பாரேன்."

வலது முப்பத்து நாலரை. இடது முப்பத்தெட்டு. தொட்டால் சுட்டது. கட்டைவிரலால் அழுத்தினேன், விழுந்த குழி எழும்பவில்லை. உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்று முதல் வருட நர்ஸுக்கும் தெரியும். அந்தக் காலை அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிடித்துவிடவே கூடாது, கட்டி நகர்ந்துவிடும்.

நான் அரை மணி நேரம் பிடித்துவிட்டேன்.

"டாக்டர்கிட்ட காட்டிடவாக்கா?"

"தாராளமா காட்டு. வர்ற ஞாயித்துக்கிழமை பந்தயத்தன்னிக்கு உன்னைக் கட்டில்ல போட்டு வெச்சிருப்பாங்க. வேன்ல காலைத் தொங்கப் போட்டு வந்ததுல நீர் கோத்திருக்கு. சாக்ஸ் போட்டா வடிஞ்சிடும்."

"அப்ப வேணாம். கோவிச்சுக்காத, உன் பேரை அழிக்க இப்பவே பெயின்ட் வாங்கி வைக்கச் சொல்லிட்டேன் ஜோல்தோஷ் அண்ணன்கிட்ட. நீலமா, பச்சையான்னு கேக்குறாரு."

"நீலமே அடிக்கச் சொல்லு. ஏரிக்குப் பொருத்தமா இருக்கும்" என்றேன். இருவரும் சிரித்தோம். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, இடது காலில் சாக்ஸை அங்குலம் அங்குலமாக ஏற்றினேன். பாதி வழியில் பல்லைக் கடித்தாள். ஏறி முடிந்ததும் இரண்டு காலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தன. அந்த வாரம் முழுக்க தினமும் காலையில் நானே போய் மாட்டிவிட்டேன்.

புதன்கிழமை ஜோல்தோஷ் கேட்டார், "ஏதோ கால் வலின்னாளே, எப்படி இருக்கு?"

"நீங்களே பாருங்கண்ணே. ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இல்ல?"

பார்த்தார், தலையாட்டினார். அவரைக் குறை சொல்லாதீர்கள். சாக்ஸைக் கழற்றச் சொல்லியிருந்தால் அன்றே அவளை நிறுத்தியிருப்பார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூச்சு வாங்குதுக்கா" என்றாள். கட்டி காலிலிருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. பந்தயப் பதற்றம் என்று சொல்லித் தேன் கலந்த தேநீர் கொடுத்தேன். என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். அவள் மேல் எனக்கு உயிர், ஐயா. அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

ஞாயிறன்று பத்தொன்பதாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்றேன். என்னுடைய பழைய நேரத்துக்கு நாற்பது நொடி முன்னதாகவே வந்துவிட்டாள். கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். உதடு நீலம் பூத்திருந்தது. கோப்பையை வாங்கும்போது கண்ணடித்தாள். இருநூறு அடி தள்ளிப் போய் விழுந்தாள்.

முதலுதவிக் கூடாரத்திலிருந்து இரண்டு வாலிபர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். நானும் ஓடினேன். மேலங்கிப் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து இடது சாக்ஸைக் கணுக்காலிலிருந்து மேலே வெட்டினேன். கால் பிதுங்கி வெளியே வந்தது.

"நல்லவேளை, நீ வந்துட்ட" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

தண்ணீர் ஊற்றுகிறவளுக்குக் கத்தரிக்கோல் எதற்கு என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். காலையில் புறப்படும்போதே எடுத்துப் பையில் போட்டேன். அந்த சாக்ஸை யாராவது வெட்ட வேண்டி வரும் என்று தெரியும். அளவைத் தெரிந்தே மறைத்தேன், தெரிந்தே பிடித்துவிட்டேன், தெரிந்தே ஓட அனுப்பினேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூடாரம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது, என் மேசை தூரத்தில். அந்தப் பையன்களுக்கு இருபது வயது, எனக்கு முப்பத்தாறு, காலில் வீட்டுச் செருப்பு. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்றைக்கும் நான்தான் முதலில் வந்தேன்.